கூரை நின்றால் கணக்கு வந்துவிடுமா?

நடுநிலை வகுப்புகளில் வடிவியலைக் கரும்பலகையில் நடத்திப் பயனில்லை, பிள்ளைகள் கையில் ஒரு வேலையைக் கொடுத்து, ஒன்றை வடிவமைத்துக் கட்டவிட்டுத்தான் நடத்த வேண்டும் என்ற பேச்சு இன்று அரசுத் திட்டக் குறிப்பிலிருந்து தனியார் பள்ளி விளம்பரத் தட்டி வரை எங்கும் இருக்கிறது. நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2025 மத்திய பட்ஜெட்டில், ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இப்படி 50,000 ஆய்வகங்கள் அமைப்போம் என்றார்கள். தமிழ்நாடு அரசோ 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்தத் திட்டத்தின் முழக்கம் ‘எங்கும் அறிவியல், யாவும் கணிதம்’.

நோக்கத்தில் யாருக்கும் சண்டையில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். கட்டி முடித்த பிறகு பிள்ளையிடம் மிஞ்சுவது வடிவியலா, அல்லது அலமாரியில் வைக்க ஒரு பொருளா? இதைப் பொதுப்படையாகப் பேசினால் இரு தரப்பும் கைதட்டு வாங்கிக்கொண்டு கலைந்துவிடும். ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பதே நியாயம். நான் எடுத்துக்கொள்வது திருத்துறைப்பூண்டி. முள்ளியாற்றை ஒட்டிய ஊர், சுற்றிலும் நெல் வயல், அரிசி ஆலைகளை விட்டால் சொல்லும்படியான தொழிற்சாலை இல்லை. 20 லட்சம் ரூபாய் ஆய்வகத்தை நம்பித் திட்டம் போட முடியாத பள்ளிகளே இங்கு மிகுதி. ஆனால் வடிவியலுக்குப் பஞ்சமில்லை. மதகு, வாய்க்கால், வரப்பு, களத்துமேட்டுக் கொட்டகை எல்லாம் அளந்து செய்தவைதான். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் இந்த வட்டாரத்தில் பிரித்தெறிந்த கூரைகளை இன்று நடுநிலை வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில் கேட்டிருப்பார்கள். கட்டிக் கற்பது எங்காவது பலிக்குமென்றால் இங்கும் பலிக்க வேண்டும்.

எடைபோட மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, வடிவியலைத் தொடாமலேயே அந்த வேலையை முடித்துவிட முடியுமா? முடியுமென்றால் அது கைவேலை வகுப்பு. இரண்டு, செய்தது ஏன் சரியாக வந்தது என்று பிள்ளையால் காரணம் சொல்ல முடிகிறதா? மூன்று, அதே கருத்தை முற்றிலும் வேறோர் இடத்தில் பொருத்தத் தெரிகிறதா? முதல் கேள்விக்கு முடியாது என்றும் மற்ற இரண்டுக்கும் ஆம் என்றும் பதில் வந்தால்தான் அதை வடிவியல் கற்பித்தல் என்பேன்.

இதுவரை நடந்தவை

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது வேர்விட்ட செயல்வழிக் கற்றல், 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. அதைத் தொடர்ந்து 6 முதல் 8 வரை படைப்பாற்றல் கல்வி வந்தது. பாடத்தைப் படித்து, மனவரைபடம் போட்டு, குழுவாகத் தொகுத்துச் சொல்லும் முறை அது. சமூக அறிவியலுக்கு ஓரளவு பொருந்தியது. கணக்குக்குப் பொருந்தவில்லை. முக்கோணத்தின் வகைகளை மனவரைபடமாக வரைந்த பிள்ளை முக்கோணத்தைப் பற்றி ஒரு கேள்வியைக்கூடத் தீர்த்திருக்க வேண்டியதில்லை.

2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது செய்து கற்பதற்கு மதிப்பெண்ணே ஒதுக்கினார்கள். வளரறி மதிப்பீடு அ-வுக்கு 20, ஆ-வுக்கு 20, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. முதல் 20 செயல்பாடுகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் உரியது. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. நடப்பில் அந்த 20 மதிப்பெண் ஸ்டேஷனரி கடைகளுக்கு நல்ல வியாபாரமானது. சார்ட், வண்ணத்தாள், தெர்மகோல், ஜிகினா. முதல் நாள் மாலை அப்பா வாங்கிவர, இரவில் அக்கா ஒட்ட, மறுநாள் காலை பிள்ளை தூக்கிவருவதுதான் பல வீடுகளில் செயல்திட்டம். நம் முதல் கேள்வியிலேயே இது தோற்றுவிடுகிறது.

வானவில் மன்றம் இவற்றைவிட ஒரு படி மேல். கருத்தாளர் ஒருவர் பொருள்களோடு பள்ளிக்கு வந்து, எளிய சோதனைகளைப் பிள்ளைகள் கையாலேயே செய்யவைக்கிறார். ஆனால் தொடங்கியபோது 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 700-க்குச் சற்றுக் கூடுதலான கருத்தாளர்கள். ஒருவர் தலையில் சுமார் 18 பள்ளிகள். இப்படி வந்துபோகிறவரால் ஆர்வத்தைக் கிளப்ப முடியும். ஒரே கணக்கை ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டு போக முடியாது. வடிவமைப்பு வேலைக்கு அந்த ஒரு வாரம்தான் உயிர். முதலில் தப்பாக வர வேண்டும், ஏன் தப்பானது என்று பார்க்க வேண்டும், மறுபடி வெட்ட வேண்டும். ஆகவே வானவில் மன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாம் பேசும் பொருளுக்கு அது வாசல் வரைதான் கொண்டுவிடும்.

டிங்கரிங் ஆய்வகத்தின் சிக்கல் நேர் எதிரானது. அங்கே கருவி அதிகம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒரு கூம்பை அச்சிட, கூம்பின் வலை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. திரையில் இழுத்தால் கூம்பு வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை மூளையைக் கசக்க வேண்டிய இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது.

பசை மறைக்கும் கணக்கு

பள்ளிக் கண்காட்சிகளில் அடிக்கடி காண்பது ஐஸ் குச்சிப் பாலம். அதிக எடை தாங்கும் பாலத்துக்குப் பரிசு. பார்க்கப் பொறியியல் போலவே இருக்கும். ஆனால் அந்தப் போட்டியில் ஜெயிக்க எளிய வழி, கூடுதல் குச்சியும் கூடுதல் ஃபெவிகாலும். நாற்கரச் சட்டத்தின் நான்கு மூலையிலும் பசையைக் கொட்டிக் காயவிட்டால் அது இறுகி நின்றுவிடும். முக்கோணம் எதற்கு என்ற கேள்வியே எழாது. ஒட்டு வலுக்க வலுக்க வடிவியல் தேவையற்றதாகிறது. ‘யாருடையது உயரம்’, ‘யாருடையது வலு’ என்ற போட்டி பிள்ளைகளை இன்னும் அதே பக்கம் தள்ளுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய, மலிவான கண்டுபிடிப்பு நினைவுக்கு வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு அந்தப் பத்தாண்டின் கடைசியில் சேர்ந்துகொண்ட பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால் டியூப் துண்டுகளையும் சேர்த்து வடிவங்கள் செய்யக் கற்றுத்தந்தார். ரப்பர் துண்டு குச்சிகளை இணைக்கும், ஆனால் இறுக்காது. மூட்டு கீல்போல ஆடும். மூன்று குச்சியைச் சேர்த்தால் வடிவம் அசையாது. நான்கைச் சேர்த்தால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும், இன்னும் அழுத்தினால் தட்டையாகப் படுத்துவிடும். ஐந்தைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். இங்கே வலுவைத் தருவதற்குப் பசை இல்லை. வடிவம் மட்டுமே தர முடியும்.

கட்டிக் கற்பதன் வெற்றி தோல்வி ஆசிரியரின் உற்சாகத்தைவிட இந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பது என் முதல் முடிவு. பொருளும் நிபந்தனையும் சேர்ந்து வடிவியலைத் தவிர்க்க முடியாததாக ஆக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு கொட்டகைக் கூரை

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு இப்படி ஒரு வேலை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நெல் மூட்டை அடுக்க 16 அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு கொட்டகை வேண்டும். கூரை இருபுறமும் சரிய வேண்டும். முகடு சுவர் மட்டத்துக்கு மேல் 6 அடி. சட்டம் காற்றுக்கு ஆடக் கூடாது. தகரம் எத்தனை சதுர அடி வாங்க வேண்டும் என்ற கணக்கும் வேண்டும். மாதிரியை 1 அடிக்கு 2 செ.மீ. என்ற அளவில் தென்னை ஈர்க்கிலும் வால் டியூபிலும் செய்ய வேண்டும். பசை கிடையாது. கணக்கை நோட்டில் போட்டுக் காட்டும் வரை ஈர்க்கை வெட்டக் கூடாது.

முதல் முட்டுக்கட்டை சரிவுச் சட்டத்தின் நீளம். அகலத்தில் பாதி 8 அடி, உயரம் 6 அடி, ஆகவே சரிவு 10 அடி. மாதிரியில் 20 செ.மீ. எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கும் பிதாகரஸ் தேற்றம் இங்கே கேட்காமலே வந்து நிற்கிறது. குத்துமதிப்பாக 15 செ.மீ. வெட்டியவனுக்கு இரண்டு சட்டமும் முகட்டில் சந்திக்கவே சந்திக்காது, ஏனென்றால் அடி 32 செ.மீ., இரண்டு சட்டமும் சேர்ந்தே 30 செ.மீ.தான். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்று மனப்பாடம் செய்த வரி அவன் கையில் இடிக்கிறது. 18 செ.மீ. வெட்டியவளுக்குச் சந்திக்கும், ஆனால் முகடு 12 செ.மீ. உயரத்துக்குப் பதில் 8 செ.மீ.க்குச் சற்று மேலேயே நின்றுவிடும். தவறு எவ்வளவு என்பதையும் மாதிரியே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, பரப்பு. தரையின் பரப்பு 16 × 20 = 320 சதுர அடி. கூரையின் பரப்பு இரு சரிவுக்கும் சேர்த்து 2 × 10 × 20 = 400. தரையை அளந்து தகரம் வாங்குகிறவருக்கு 80 சதுர அடி குறையும், இறவாரத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். முகட்டை 8 அடிக்கு உயர்த்தினால் கூரையின் பரப்பு 450 சதுர அடியைத் தாண்டும். மழைநீர் வேகமாக வடியும், ஆனால் செலவும் கூடும், காற்று மோதும் முகமும் பெரிதாகும். ரொம்பத் தட்டையாக்கினால் காற்று மேலிருந்து உறிஞ்சித் தூக்கும். எது நல்ல சரிவு என்பதற்கு ஒற்றை விடை இல்லை. வேலை வடிவமைப்பாக மாறுவது இங்கேதான். கணக்கு இல்லாமல் அந்த வாதத்தில் யாரும் வாய் திறக்க முடியாது.

மூன்றாவதுதான் முக்கியமானது. பக்கச் சுவரின் செவ்வகச் சட்டம் நிற்காது, சரியும். பிள்ளைகள் கொஞ்ச நேரம் திணறிவிட்டுக் குறுக்கே ஓர் ஈர்க்கைப் போடுவார்கள். சட்டம் இறுகும். ஆசிரியர் அப்போது பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். நாற்கரம் வரைய ஒன்றையொன்று சாராத ஐந்து அளவுகள் தேவை என்று அதில் இருக்கிறது. நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் ஏன் போதாது? நான்கு பக்கமும் மாறாமலேயே வடிவம் மாறுவதை இப்போதுதானே கையால் அழுத்திப் பார்த்தோம்! குறுக்கே போட்ட ஈர்க்குதான் ஐந்தாவது அளவு. அது நாற்கரத்தை இரண்டு முக்கோணங்களாக்கியது. முக்கோணத்துக்கு மூன்று பக்கம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் அது ஆட இடமில்லை. ப-ப-ப என்று சர்வசமத்துக்குப் படித்த விதியும் கூரை அசையாமல் நிற்பதும் ஒரே உண்மையின் இரு முகங்கள். கரும்பலகையில் இந்த இணைப்பைச் சொல்லிப் புரியவைப்பது மிகக் கடினம். கையில் சட்டத்தோடு சொன்னால் ஐந்து நிமிடம். கட்டிக் கற்பதற்கு ஆதரவாக நான் வைக்கக்கூடிய ஆகப் பெரிய சான்று இதுதான்.

முதல் கேள்வியில் இந்த வேலை தேறிவிட்டது. வடிவியலைத் தொடாமல் இதை முடிக்க முடியாது.

கொத்தனாருக்குத் தெரிந்ததும் தெரிய வேண்டாததும்

இரண்டாவது கேள்வி கடினமானது. மனையில் கயிறு கட்டும் கொத்தனார் மூலைமட்டம் பார்க்க, ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். நான்கு மூலையும் முடிந்த பிறகு இரண்டு குறுக்களவும் சமமா என்று இழுத்துப் பார்ப்பார். இரண்டும் அப்பழுக்கற்ற வடிவியல். ஏன் அப்படி என்று அவர் நிறுவ வேண்டியதில்லை, வீடு நேராக நிற்கும். பழைய நூல்களிலும் இந்தப் போக்கைக் காணலாம். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லும் வழி, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குவது. துல்லியமான விதி அது. நில அளவைக்கும் நெல் அளவைக்கும் போதுமானது. விதியைத்தான் அது கையில் கொடுக்கிறது, காரணத்தை அல்ல.

பள்ளிக்கூடம் கொத்தனாரின் அறிவோடு நின்றுவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதற்கு அர்த்தம் இல்லை. அந்த அறிவைக் கட்டுமான இடத்திலேயே, கூலியோடு கற்றுக்கொள்ளலாம். பள்ளி மட்டும் தரக்கூடியது நிறுவல். கட்டும் வேலை அதைத் தானாகத் தருவதில்லை. சில இடங்களில் தடையாகக்கூட ஆகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளைக் கிழித்து ஒட்டினால் நேர்கோடு வரும் என்ற செயல்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோணமானியால் அளந்தால் ஒருத்திக்கு 179 பாகை, ஒருவனுக்கு 182. ‘சுமாராக 180’ என்று வகுப்பு முடிவெடுக்கிறது. அளவீடு அதற்கு மேல் கொண்டுபோகாது. எல்லா முக்கோணத்துக்கும், இனி யாரும் வரையப் போகும் முக்கோணத்துக்கும் சரியாக 180 என்று சொல்ல, உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைப் பேசியாக வேண்டும். அது கரும்பலகை வேலை. எந்த ஈர்க்கும் அதைச் செய்யாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பியேர் வான் ஹீல், டீனா வான் ஹீல் தம்பதியர் 1957-ல் முன்வைத்த படிநிலைகள் இங்கே உதவும். பிள்ளை முதலில் வடிவத்தைத் தோற்றத்தால் அறிகிறது, பிறகு பண்புகளால், அதன்பின் பண்புகளுக்கு இடையிலான உறவால், அதற்கும் பிறகே நிறுவலுக்கு வருகிறது. நம் பாடப் புத்தகப் படங்களில் முக்கோணம் பெரும்பாலும் அடிப்பக்கம் தரையில் பட உட்கார்ந்திருக்கும். திருப்பி வைத்தால் அடையாளம் தெரியாமல் போகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் முதல் படியிலேயே நிற்கிறார்கள். கட்டும் வேலை அவர்களை முதல் படியிலிருந்து மூன்றாம் படிவரை நன்றாகவே ஏற்றும். நான்காம் படிக்கு ஆசிரியர் கை கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு வயல்

கூரை கட்டிய பிள்ளைகளிடம் இன்னொரு கூரையைப் பற்றிக் கேட்டால் அது பரீட்சை ஆகாது. வயலைப் பற்றிக் கேட்க வேண்டும். தஞ்சைத் தரணியில் இன்னும் குழி, மா, வேலிதான் வாயில் வருகிறது. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. பக்கத்துக்கு 120 அடியுள்ள சதுர வயல் சரியாக ஒரு மா.

நாற்கர வயலின் பரப்புக்கு நாட்டு வழக்கில் ஒரு கணக்கு உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது. இப்போது பிள்ளைகளிடம் கேள்வி: நான்கு வரப்பும் 120 அடி, ஆனால் வயல் சாய்ந்திருக்கிறது, ஒரு குறுக்களவும் 120 அடிதான். விற்கிறவர் ஒரு மா என்கிறார். சரியா?

வால் டியூப் சதுரத்தை அழுத்திப் பார்த்த பிள்ளைக்குப் பொறி தட்ட வேண்டும். பக்கம் மாறாது, பரப்பு சுருங்கும். நாட்டுக் கணக்கு எவ்வளவு சாய்ந்தாலும் 14,400 சதுர அடி என்றே சொல்லும். முழுக்கத் தட்டையாகி வயலே இல்லாமல் போனாலும் அப்படியே சொல்லும். குறுக்களவு இந்த வயலை இரண்டு சமபக்க முக்கோணங்களாகப் பிரிக்கிறது. பரப்பு சுமார் 12,470 சதுர அடி, அதாவது 86 குழிக்கும் 87 குழிக்கும் இடையில். பதின்மூன்று குழிக்கு மேல் வாங்குகிறவர் கையைவிட்டுப் போகிறது. செவ்வகத்தைத் தவிர எந்த நாற்கரத்திலும் அந்தக் கணக்கு கூடுதலாகவே காட்டும், குறைவாக ஒருபோதும் காட்டாது. நில அளவையரின் புலப்படத்தில் (எஃப்.எம்.பி.) வயலுக்குக் குறுக்கே கோடுகள் ஏன் ஓடுகின்றன என்பதும் இதோடு விளங்கும். கூரையைத் தாங்கிய அதே ஐந்தாவது அளவு இங்கே நிலத்தைக் காக்கிறது.

இதற்குப் பதில் சொல்லும் பிள்ளை வடிவியல் கற்றிருக்கிறாள். கொட்டகை அழகாக நின்று, இதற்குப் பதில் வரவில்லையென்றால், அவள் கொட்டகை கட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

எதிர்ப்புகளில் வலுவானவை

கற்றல் ஆய்வில் இந்த முறைக்குக் கடுமையான மறுப்பு உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவருக்கு உதவாது என்று வாதிட்டது. ஒரே நேரத்தில் அளவு, அளவுத்திட்டம், வெட்டுவது, குழுவில் பேசுவது என்று எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கருத்தைப் பிடிக்க இடமிருக்காது என்பது அதன் சாரம். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அது அடிப்பது கண்டபடி விட்டுவிடும் வகுப்பைத்தான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதே சிக்கலை உள்ளிருந்து பார்த்தது. மாதிரி ராக்கெட் செய்து பறக்கவிட்ட மாணவர்களிடம் எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டால், செய்து பறக்கவிடுவதற்காக என்பதற்கு மேல் பலருக்குப் பதில் இல்லை. எந்த வடிவம் ஏன் உயரப் போகிறது என்று கண்டறியும் குறிக்கோளை முன்கூட்டியே தந்தபோது கற்றலின் தரமே மாறியது. அதே குழு, விளையாட்டு வீடு வடிவமைத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் ஒரு மாதிரிக் கணக்கைத் தீர்க்கவைத்து, பிறகே சொந்த வடிவமைப்புக்கு விட்டது. வழிகாட்டலும் கைவேலையும் எதிரிகள் அல்ல என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது.

இரண்டாவது எதிர்ப்பு நம் மண்ணுக்கே உரியது. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. 1953-ல் ராஜாஜி தொடக்கக் கல்வி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அதைக் குலக்கல்வி என்று இந்த மாநிலம் எதிர்த்து நின்றது. 1954-ல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எச்சரிக்கை உணர்வு நியாயமானது. கூலி வேலைக்குப் போகும் தாய் தகப்பன் பிள்ளைகள் நிறைந்த திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், ‘இவர்களுக்குக் கையால் செய்தால்தான் புரியும்’ என்று ஒருவர் பரிவோடு சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பரிவுக்குள் ‘இவர்களுக்கு நிறுவல் வராது’ என்ற முன்முடிவு ஒளிந்திருக்கலாம்.

ஆனால் காலம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. அன்று கைவேலை ஏழைப் பிள்ளைக்கு என்றார்கள். இன்று அதே கைவேலை ‘மேக்கர் லேப்’, ‘ரோபோட்டிக்ஸ்’ என்ற பெயரில் தனிக் கட்டணத்தோடு வசதியுள்ள பிள்ளைக்குப் போகிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கரும்பலகையும் மனப்பாடமும் மிஞ்சுகின்றன. குலக்கல்வி அச்சத்துக்குச் சரியான பதில் கைவேலையை விலக்குவதல்ல. கைவேலையும் தேற்றமும் ஒரே பிள்ளைக்கு, ஒரே வாரத்தில், ஒரே ஆசிரியரிடமிருந்து கிடைக்க வேண்டும். ஒன்றை ஒரு வகுப்பாருக்கும் மற்றதை இன்னொரு வகுப்பாருக்கும் பிரித்துக் கொடுக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

மூன்றாவது நேரம். இப்படி ஒரு வேலை எட்டுப் பாடவேளையாவது எடுக்கும். எல்லா வடிவியல் பாடத்தையும் இப்படி நடத்தப் போனால் ஆண்டு போதாது, இயற்கணிதம் தெருவில் நிற்கும். இந்த எதிர்ப்பை நான் அப்படியே ஏற்கிறேன்.

நான்காவது குழு. நான்கு பேர் குழுவில் ஒருவன் கணக்குப் போடுவான், ஒருவன் வெட்டுவான், பெண்பிள்ளைகளிடம் வண்ணம் பூசும் வேலை வந்து சேரும். குழு மதிப்பெண் கொடுத்தால் இது நிலைத்துவிடும்.

தீர்ப்பு

கட்டிக் கற்கும் வடிவியலை ஏற்கலாம், நிபந்தனைகளோடு. ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு வேலை. தேர்ந்தெடுக்க வேண்டிய பாடங்கள்: முக்கோணச் சர்வசமம், நாற்கரம், பிதாகரஸ், அளவுத்திட்டமும் வடிவொத்தமையும், பரப்புக்கும் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாடு. இவற்றில் கை சொல்வதைப் பலகை சொல்ல முடியாது. கோணங்களின் கூடுதல், இணைகோடுகளின் பண்புகள் போன்றவற்றைப் பலகையிலேயே நிறுவ வேண்டும். கிழித்து ஒட்டுவதை நிறுவல் என்று பிள்ளையை ஏமாற்றக் கூடாது.

எட்டுப் பாடவேளையில் ஒன்று திட்டமிட, இரண்டு வரைந்து கணக்குப் போட, இரண்டு கட்ட, ஒன்று சோதித்துத் திருத்த. கடைசி இரண்டும் ‘ஏன்’ என்ற கேள்விக்கு மட்டும். ஆசிரியருக்கு நேரம் போதாவிட்டால் கட்டும் நேரத்தைக் குறைக்கட்டும், கடைசி இரண்டைத் தொடக் கூடாது. வேலையை நடத்த வேண்டியவர் பள்ளியின் கணக்கு ஆசிரியர். வானவில் மன்றக் கருத்தாளர் அவருக்குத் துணை நிற்கலாம், அவர் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவைக் காரணம் காட்ட யாருக்கும் வழியில்லை. ஈர்க்கு ஊரெங்கும் கிடைக்கிறது, வால் டியூப் சைக்கிள் கடையில் கிடைக்கிறது.

மதிப்பெண்ணில்தான் எல்லாம் கெடுகிறது, ஆகவே அங்கே கறாராக இருக்க வேண்டும். மாதிரியின் அழகுக்கும் உயரத்துக்கும் ஒரு மதிப்பெண்கூட வேண்டாம். வெட்டுவதற்கு முன் போட்ட கணக்குக்குப் பாதி, கட்டிய பொருளோடு தொடர்பில்லாத புதுக் கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே எழுதும் விடைக்குப் பாதி. வளரறி மதிப்பீட்டின் அந்த 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கத் துணியாத பள்ளி, கட்டும் வேலையைத் தொடங்காமலே இருப்பது நல்லது. அந்த எட்டுப் பாடவேளையில் பலகையில் ஒழுங்காக வடிவியல் நடத்தினால் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் கிடைக்கும்.